பதில் சொல்லப் பழகும் அரசு

(சந்தாபுராவில் தமிழ் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மக்களோடு பேசப் பயிற்சி கொடுப்பது பற்றி இன்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் பலருக்கு டெல்லியும் முசௌரியும் நினைவுக்கு வரும். நான் இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன். சந்தாபுரா சர்க்கிளிலிருந்து பொம்மசந்திராவுக்குப் போய் ஜிகணி லிங்க் ரோட்டில் திரும்பினால், தொழிற்சாலைகளுக்கு நடுவே பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஷிஃப்டுக்குப் போகும் வழியில் அதன் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். பெங்களூரின் அரசு அலுவலகங்களை மக்கள் முன்னால் வாய் திறக்க வைத்ததில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்தவர் சாமுவேல் பால். அவர் 1994-இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் பெங்களூருக்கான முதல் குடிமக்கள் மதிப்பெண் அட்டை வெளியானது. வேலை எளிமையானதுதான். வீடு வீடாகப் போனார்கள். தண்ணீர் வாரியம், மின்வாரியம், மாநகராட்சி, நகர வளர்ச்சி ஆணையம் ஆகியவற்றின் படியேறி இறங்கியவர்களிடம் கேட்டார்கள். எத்தனை தடவை போனீர்கள், வேலை முடிந்ததா, ஊழியர் எப்படி நடந்துகொண்டார், லஞ்சம் கேட்டார்களா? விடைகளைக் கூட்டி ஒவ்வொரு துறைக்கும் மதிப்பெண் போட்டுப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் சேவையில் நிறைவு அடைந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்று வந்தது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. கடைசி மதிப்பெண் வாங்கிய அந்த வளர்ச்சி ஆணையத்தின் தலைமை, அறிக்கையை மறுத்து ஒரு விளக்கம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடவில்லை. எங்களை எப்படித் திருத்திக்கொள்வது என்று அந்த நிறுவனத்திடமே உதவி கேட்டது. வெளியிலிருந்து ஒரு கேள்வி, அதுவும் எண்ணிக்கையோடு வந்ததால், உள்ளே இருந்தவர்களுக்குப் பேச வேண்டிய அவசியம் பிறந்தது. ஆளும் பொறுப்பில் இருப்பவரை மக்களோடு நன்றாகப் பேசவைக்க இதைவிடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை. எங்கே பதில் சொல்லியே ஆக வேண்டுமோ, அங்கேதான் அவர் பேசக் கற்றுக்கொள்கிறார். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். மற்றவை இதற்கான சான்றுகள்.

1999-இல் இரண்டாவது மதிப்பெண் அட்டை வந்தது. அதே ஆண்டு முதலமைச்சராகப் பொறுப்பேற்ற எஸ்.எம். கிருஷ்ணா, நந்தன் நிலேகணியின் தலைமையில் பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ் என்ற குழுவை அமைத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அரங்கில் கூட்டம் நடக்கும். முதலமைச்சர் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வாரியத் தலைவர், மாநகராட்சி ஆணையர், பேருந்துக் கழகத் தலைவர் என்று ஒவ்வொருவராக மேடையேறி, போன தடவை என்ன வாக்குக் கொடுத்தோம், எவ்வளவு முடிந்தது, அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்வோம் என்று பொதுமக்கள் முன்னால் சொல்ல வேண்டும். கோப்பின் மொழியையே வாழ்நாள் முழுதும் எழுதிய ஒரு பொறியாளரை நினைத்துப் பாருங்கள். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்பது அந்த மேடையில் செல்லாது. எத்தனை கிலோமீட்டர், எந்தத் தேதிக்குள் என்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே ஆள் அதே மேடையில் நிற்க வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்குக் குறையும் இருந்தது. அரங்கில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான பெங்களூர்க்காரர்கள். குடிசைப் பகுதியிலிருந்து குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கு அங்கே இடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களை ஓரங்கட்டிவிட்டு நியமனக் குழு எப்படி நகரத்தை வழிநடத்தலாம் என்ற கேள்வியும் எழுந்தது. அது நியாயமான கேள்வி. 2004-இல் ஆட்சி மாறியதும் அந்தக் குழு முடிந்துபோனது. ஒரு முதலமைச்சரின் விருப்பத்தில் பிறந்தது அவரோடு போய்விட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இனி, பயிற்சி என்று பெயர் வைத்து நாம் கொடுப்பவற்றைப் பார்ப்போம்.

தென்னிந்தியாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கற்பிக்க, 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. அதற்கு உயிராக இருந்தவர் எஃப்.டபிள்யூ. எல்லிஸ். நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்ற பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளரின் வாயை நம்பாமல், மனுக் கொடுக்க வந்தவர் சொல்வதை நேரடியாகக் கேட்கத் தெரிய வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் நோக்கங்களில் ஒன்று. தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது எல்லிஸ் சென்னையில் கிணறுகள் வெட்டுவித்தார். 1818-ஐச் சேர்ந்த ராயப்பேட்டைக் கல்வெட்டில் அந்தச் செய்தியைத் தமிழ்ச் செய்யுளில், திருக்குறளை எடுத்துக்காட்டிப் பொறித்தும் வைத்தார். மக்களின் மொழியிலும் அவர்கள் மதிக்கும் நூலின் வழியாகவும் அரசு தன் செயலைச் சொன்ன அழகான முயற்சி அது. ஆனால் கல்வெட்டை நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. கேட்கும் உரிமை அன்றைய குடிமகனுக்கு இல்லை. வரி வசூலிக்க வந்த அரசு மொழியைக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

இன்றும் முசௌரியில் பயிற்சி பெறும் ஐ.ஏ.எஸ். அதிகாரி தனக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தின் மொழியைக் கற்கிறார். பிறகு ஒரு மாவட்டத்தில் பயிற்சிக் காலத்தைக் கழிக்கிறார். 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த கர்மயோகி திட்டத்தில் லட்சக்கணக்கான ஊழியர்கள் இணையவழிப் பாடங்கள் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இளநிலை உதவியாளர்கள் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி பெறுகிறார்கள். இவை எல்லாம் தேவை. எனினும் பேச்சுப் பயிற்சி என்று தனியாக நடப்பவற்றில் பெரும்பகுதி மேடையில் நிற்பது, கேமராவைப் பார்ப்பது, நிருபரின் சிக்கலான கேள்வியிலிருந்து நழுவுவது என்று போய்விடுகிறது. குடிமகன் அந்த அறைக்குள் வருவதே இல்லை. அவன் இல்லாமல் அவனோடு பேசுவதற்குப் பயிற்சி நடக்கிறது. இது என்னை வருத்துகிறது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்று காட்டியது இதே கர்நாடகம்தான். ராமகிருஷ்ண ஹெக்டேயின் அமைச்சரவையில் ஊரக வளர்ச்சித் துறையைப் பார்த்தவர் அப்துல் நசீர் சாப். ஊர் ஊராகப் போர்வெல் போட்டுக் குடிநீர் கொடுத்ததால் ‘நீர் சாப்’ என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். அவர் முன்னின்று கொண்டுவந்த 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1987-இல் ஜில்லா பரிஷத், மண்டல பஞ்சாயத்துத் தேர்தல்கள் நடந்தன. அதில் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இடம். நாடு முழுமைக்கும் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. ஒரே தேர்தலில் ஆயிரக்கணக்கான பெண்கள் உறுப்பினர்கள் ஆனார்கள். பலர் அதுவரை தாலுகா ஆபீஸ் படியை மிதித்ததில்லை.

இப்படித் தேர்ந்தெடுக்கப்படும் பெண்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது? எல்லோரையும் மைசூருக்கு அழைத்து வர முடியாது. 1990-களின் நடுவில் இஸ்ரோவின் செயற்கைக்கோளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பின்னாளில் மைசூரில் அப்துல் நசீர் சாப் பெயரிலேயே உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனத்தில் ஒளிபரப்புக் கூடமும் அமைந்தது. அந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். படம் ஒரு பக்கம்தான் போகும். ஒலி இரண்டு பக்கமும் போகும். தூரத்து ஊரில் டிவிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் டெலிபோனை எடுத்து, ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியைக் கேட்கலாம். கேள்வியை மற்ற எல்லா மையங்களும் அதே நேரத்தில் கேட்கும். பதிலையும் கேட்கும்.

கற்றுக்கொடுக்க வந்த அதிகாரிக்கு அங்கே என்ன நேர்கிறது என்று யோசியுங்கள். அவர் அரசாணை எண்ணைச் சொல்லித் தப்பிக்க முடியாது. எங்கள் ஊர்ப் பம்பு ரிப்பேருக்கு யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒருத்தி கேட்டால், ஒரே வரியில் சொல்லியாக வேண்டும். தவறாகச் சொன்னால் மாநிலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பயிற்சி என்று நடந்தது அந்தப் பெண்களுக்கு. உண்மையில் மேலிருந்த அதிகாரிகளும் அதில் பாடம் படித்தார்கள் என்றே நான் நம்புகிறேன். இன்று அதைவிட நூறு மடங்கு வசதி நம் கைப்பேசியில் இருக்கிறது. ஆனால் துறைகள் அனுப்பும் செய்திகளைப் பாருங்கள். வரும், படிக்கலாம். பதில் அனுப்பினால் போய்ச் சேராது. கருவி முன்னேறியிருக்கிறது, கேள்விக்கான பாதையை மட்டும் அடைத்துவிட்டோம்.

தமிழ்நாட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-இல் பஞ்சாயத்துத் தலைவரான இளங்கோ ரங்கசாமி வேதிப் பொறியியல் படித்தவர். அங்கே வடிகால் கட்டும்போது, பக்கத்துக் கல் மெருகூட்டும் ஆலையில் வீணாகக் கிடந்த கற்களைப் பயன்படுத்தினார். செலவு குறைந்தது. ஆனால் ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி கட்டவில்லை என்று மாவட்ட நிர்வாகம் அவரை இடைநீக்கம் செய்தது. விவகாரம் கிராம சபைக்கு வந்தது. கணக்கை எல்லோர் முன்னிலும் வைத்தார்கள். ஊர் திரண்டு வந்து அவர் பக்கம் நின்றது, பதவி திரும்பக் கிடைத்தது. 2001-இல் மக்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அவர் மற்ற பஞ்சாயத்துத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பயிற்சிப் பள்ளியையே தொடங்கினார். தலைவருக்குத் தலைவரே ஆசிரியர். சபையில் நின்று பதில் சொல்லிப் பழகியவர் சொல்லிக்கொடுத்தால் அது மனதில் நிற்கும்.

இப்போது நெருக்கடிக் காலத்துக்கு வருகிறேன். இந்த நகரத்தில் நடந்த ஒன்றை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

2012 ஜூலையில் அசாமின் கோக்ராஜார் பகுதியில் கலவரம். அதன் எதிரொலியாக ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு வதந்தி பரவியது. ரம்ஜான் முடிந்ததும் வடகிழக்கு மக்களைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். வழியாகச் செய்தி ஓடியது. செக்யூரிட்டி வேலை பார்த்தவர்கள், ஓட்டல் ஊழியர்கள், மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஆகஸ்ட் 15 அன்று மாலை சிட்டி ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. உள்துறையைக் கவனித்த துணை முதலமைச்சர் ஆர். அசோகா நிலையத்துக்கே போய், ஆபத்து இல்லை, போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் போனது நல்ல காரியம். அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை விடாமல் மக்கள் நிற்கும் இடத்துக்குப் போனார். ஆனாலும் ரயில்கள் நிறைந்தே புறப்பட்டன.

ஏன் அவர்கள் நிற்கவில்லை? அரசு சொன்னது ‘ஆபத்து இல்லை’ என்பது. மூட்டையோடு நின்ற இளைஞனின் கேள்வி வேறாக இருந்திருக்கும். இன்று ராத்திரி நான் வாடகை அறைக்குத் திரும்பிப் போனால், கதவைத் தட்டும் சத்தம் கேட்டால், யாருக்குப் போன் செய்வது? என் மொழி புரிந்தவர் எடுப்பாரா? எத்தனை நிமிடத்தில் வருவார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் பொதுவாகத் தைரியம் சொன்னால் அது காதில் ஏறாது. அப்போது கர்நாடகப் போலீஸ் தலைவராக இருந்த லால்ரோகுமா பச்சாவ் மிசோரத்தைச் சேர்ந்தவர். அவர் தாமே முன்வந்து அந்த மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். முஸ்லிம் சமூகப் பெரியவர்கள் வடகிழக்கு மக்கள் குடியிருக்கும் இடங்களுக்குப் போய்ப் பேசினார்கள். மத்திய அரசு மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதை நிறுத்தி, ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி சில நாள் கட்டுப்படுத்தியது. வதந்தியை அடக்க அது உதவியிருக்கலாம். என்றாலும் நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தது தெருவுக்கு வந்து முகம் பார்த்துப் பேசியவர்கள்தான் என்பது என் கருத்து. போனவர்களில் பலர் பிறகு திரும்பி வந்தார்கள்.

2016 செப்டம்பர் 12 பற்றி இந்த ஓசூர் ரோட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வண்டிகள் எரிந்தன. 16 போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. அத்திப்பள்ளியில் பஸ் நின்றுபோக, குழந்தையும் மூட்டையுமாக மக்கள் எல்லையை நடந்தே கடந்தார்கள். தமிழ்நாட்டுக்குக் காவிரி நீர் விடுவது பற்றிய தன் முந்தைய உத்தரவை அன்று காலை உச்ச நீதிமன்றம் மாற்றியிருந்தது. வினாடிக்கு 15,000 கன அடி என்பது 12,000 ஆனது, ஆனால் செப்டம்பர் 20 வரை நீண்டது. குறைந்ததா, கூடியதா? அணையில் எவ்வளவு இருக்கிறது, பெங்களூரின் குடிநீருக்கு எத்தனை நாளைக்குத் தாங்கும்? இந்தக் கணக்கை இரு மாநிலப் பொறுப்பாளர்களும் அன்று காலையிலேயே எளிய கன்னடத்திலும் தமிழிலும் சொல்லி, கேள்விக்கு உட்கார்ந்திருந்தால், சேனல்களின் கூச்சலுக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது. இப்படிப்பட்ட காலையில் என்ன சொல்வது என்பதை நெருக்கடி வந்த பிறகு யோசிக்க முடியாது. அமைச்சரும் ஆணையரும் அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும், தீயணைப்பு ஒத்திகை மாதிரி.

சரி, சந்தாபுராவுக்கு வருவோம். நம் ஏரியைப் பாருங்கள். ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்ததைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏரியைக் காக்கத் தவறியதற்காக 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. இவ்வளவு பெரிய தொகை! ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒருவர், அந்த உத்தரவுக்குப் பிறகு என்ன திட்டம் போட்டார்கள், எந்தக் கால்வாயைத் திருப்பினார்கள், என் போர்வெல் தண்ணீரைச் சோதித்தார்களா என்று யாரிடம் போய்க் கேட்பார்? ஒருநாள் அலுவலகத்தில் கேட்கலாம். நாலு பேர் முன்னால், பதிவேட்டில் ஏறும்படி கேட்க இடம் எது?

இங்கேதான் யாரும் கவனிக்காத ஒரு இழப்பு நடந்திருக்கிறது. சந்தாபுரா கிராமப் பஞ்சாயத்தாக இருந்தபோது கிராம சபை உண்டு. அரசியல் சட்டமே, 243ஏ பிரிவில், அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் எழுந்து நின்று கேட்கலாம். ஊர் வளர்ந்தது, தொழிற்சாலைகள் வந்தன, அபார்ட்மெண்டுகள் எழுந்தன, புரசபை, அதாவது நகராட்சி, ஆனது. நகரங்களுக்கான 74-ஆவது திருத்தத்தில் வார்டு குழு பற்றிய 243எஸ் பிரிவு, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களுக்கு மட்டுமே அதைக் கட்டாயமாக்குகிறது. சந்தாபுரா அந்த அளவுக்கு வெகு கீழே. கிராமமாக இருந்தால் கிராம சபை, பெருநகரமாக இருந்தால் வார்டு குழு. நடுவில் இருக்கும் நம்மைப் போன்ற ஊருக்கு அரசியல் சட்டம் உறுதி செய்யும் சபை எதுவும் இல்லை. பொம்மசந்திராவுக்கும் அத்திப்பள்ளிக்கும் இதே நிலைதான். சபை போனதோடு, கவுன்சிலரும் அதிகாரியும் மக்கள் முன்னால் பேசிப் பழகும் களமும் போய்விட்டது. இது பேச்சுத் திறன் சம்பந்தப்பட்ட குறை என்று எண்ணி வகுப்பு நடத்தினால் தீராது.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு 2022-இல் இதற்கு ஒரு வழி தேடியது. ஊராட்சிகளில் ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபையை ஆறாக்கினார்கள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்களைத் தொடங்கினார்கள். முதலமைச்சர் ஸ்டாலின் பம்மலில் நடந்த கூட்டத்தில் உட்கார்ந்து குறை கேட்டார். அவை எல்லா ஊரிலும் உயிரோடு நடக்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். சில இடங்களில் கையெழுத்து வாங்கிக் கலைந்துவிடுவதும் உண்டு. ஆனாலும் விதியில் எழுதியிருப்பதால், நடக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்க முடிகிறது. முதலமைச்சர் மாறியதும் கலைந்துபோன பெங்களூர்க் குழுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இங்கே வாழும் தமிழர்களாகிய நமக்கு ஒரு வார்த்தை. புரசபையின் அறிவிப்புகள் கன்னடத்தில்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். வெள்ளம், நோய், கலவரம் போன்ற வேளைகளில் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல அரசு முன்வர வேண்டும் என்று நாம் கேட்கலாம். சாதாரண நாட்களில் கேள்வி கேட்கும் அளவுக்குக் கன்னடம் கற்றுக்கொள்வது நம் பொறுப்பு. இ-கட்டா என்ற மின்னணுச் சொத்து ஆவணம் கட்டாயம் என்றதும் நம்மவர்கள் பலர் நேரே புரோக்கரிடம் போனார்கள். கவுண்டரில் நின்று இந்த விண்ணப்பம் சகாலாவில் வருமா, எத்தனை நாளில் முடியும் என்று கேட்கத் தெரிந்திருந்தால் அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும். 2011-இல் வந்த சகாலாச் சட்டத்தின்படி, அதில் சேர்ந்த ஒவ்வொரு சேவைக்கும் நாள் கணக்கு உண்டு. ஒப்புகைச் சீட்டில் எண் தருவார்கள். தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம், 500 ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். 20 ரூபாய் பெரிய காசு இல்லை. ஆனால் அந்த எண்ணைக் காட்டிக் கேட்கும்போது எதிரில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். புரசபை தானாகவே தீர்மானம் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்டு வாரியாகச் சபை கூட்டட்டும். கவுன்சிலரும் தலைமை அதிகாரியும் சுகாதார ஆய்வாளரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒருவரும் வரட்டும். முதல் சபைக்கு ஏரியை எடுத்துக்கொள்ளலாம். கேட்ட கேள்வி, சொன்ன பதில், கொடுத்த தேதி ஆகியவற்றை ஒரு பலகையில் எழுதிப் புரசபை வாசலில் மாட்டட்டும். அடுத்த கூட்டம் அந்தப் பலகையைப் படிப்பதில் தொடங்கட்டும். மைசூர் நிர்வாகப் பயிற்சி நிறுவனத்தில் படிக்கும் இளம் அதிகாரிகளை அனுப்பச் சொல்வோம். அவர்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு வருடம் கழித்து ஒரு சபையை அவர்களே நடத்தட்டும். இந்தத் தீர்மானத்துக்கான மனுவைக் கன்னடத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலருகே மேசையில் இருக்கும். படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். கன்னடம் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள்.